சுத்த சாவேரி என்று நான்தான் சொன்னேன்

10 ஜூன் 1973, ஞாயிறு

மழை. கிழக்கேக்கோட்டையில் பஸ் ஏறிக் கரமனையில் இறங்குவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. அய்யர் சார் வீட்டுக் கூடத்தில் ஈரத்தோடு பாயில் உட்காரக் கூச்சமாக இருந்தது. சமையலறை நிலையோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ரேடியோவுக்கு அது தூரம்.

ரேடியோவின் எட்டு வார சங்கீதப் போட்டியில் இன்று வந்தது மூன்றாவது புதிர். ‘எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களில் விவாதி மேளங்கள் எத்தனை?’ அய்யர் சார் உடனே எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்து புத்தகம் தேடப் போனார். வேலப்பன் அண்ணன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஞானையன் அண்ணன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பழைய பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ரிஷபமும் காந்தாரமும் சேரும் விதம் ஆறு. அதில் ஒன்றோடொன்று உரசாதவை, அதாவது விவாதி இல்லாதவை, நாலு. தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் அதே நாலு. நாலு நாலு பதினாறு, மத்யமம் இரண்டு வகை, ஆக முப்பத்திரண்டு. எழுபத்திரண்டில் அது போக மீதி நாற்பது. புத்தகமே வேண்டாம். பி.எஸ்ஸி. கணக்கு ஒரு நாளாவது உதவியது.

“நாற்பது” என்றேன்.

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த வேலப்பன் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. “சார், நாப்பதாக்கும்! நாப்பது!” என்று ஒரு சத்தம். சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க ஆளைக் கூப்பிட்டு நிறுத்துகிற தொண்டை. அய்யர் சார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “நாப்பதேதான்! பேஷ் வேலப்பா, எப்படிடா கண்டுபிடிச்சே?”

“தோணிச்சு சார்.”

பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்கு நிஜமாகவே தனக்குத் தோன்றியதாகத்தான் இருக்கும். முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

11 ஜூன், திங்கள்

ஆபீஸ் போகும் வழியில் பஸ்ஸில் ‘நாற்பது, நாற்பது’ என்று சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர், நாற்பது பைசா டிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்து, “நால்பதோ? எவிடேக்கா?” என்றார்.

13 ஜூன், புதன்

குழுவின் கார்டை நான்தான் எழுதுகிறேன். கையெழுத்து அழகு என்று அந்த வேலை எனக்கு. புதன்கிழமை தபாலில் போட்டால்தான் வெள்ளிக்குள் வானொலி நிலையத்துக்குச் சேரும்.

விடை: நாற்பது. குழுவின் பெயர்: கரமனை நாதரசிகர் குழு. உறுப்பினர் மூவர்: அனந்தநாராயணய்யர், வேலப்பன், ஞானையன்.

மூன்று பெயருக்குத்தான் இடம் என்று நிலையத்தின் விதி. எட்டு வாரமும் சரியாக எழுதுகிற குழுவில் அந்த மூவரை நிலையத்துக்குக் கூப்பிட்டு, மைக்கின் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். நாங்கள் நாலு பேர். யார் நாலாவது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வாரம் அய்யர் சார் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவதோடு நிறுத்தினார். நானும் மை உறிஞ்சும் காகிதத்தை எடுத்து ஒற்றிவிட்டேன்.

தனி ஆளும் கார்டு போடலாம். சரியான விடை என்றால் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். அதுவும் விதியில் இருக்கிறது.

நான் மைக்கின் முன்னால் பேச ஆசைப்படுகிறேனா? பேசச் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவேன். ஆனாலும் ஆசைப்படுகிறேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

17 ஜூன், ஞாயிறு

‘ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது வேறு தைவதமும் பேசும் பழைய ராகம் எது?’ பைரவி. இன்று எப்படியோ வேலப்பன் அண்ணனை முந்திக்கொண்டு நானே சொன்னேன்.

அய்யர் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஆதாரம்?”

இந்தக் குழுவின் சட்டம் இது. யார் விடை சொன்னாலும் ஒன்று புத்தகத்தில் பக்கம் காட்ட வேண்டும், இல்லை பாடிக் காட்ட வேண்டும். என்னிடம் புத்தகம் இல்லை. பாட எனக்கு வராது. 

“கேட்டிருக்கேன் சார்.”

“யார்கிட்டே கேட்டே? குரு யாரு?”

“ரேடியோவில.”

வேலப்பன் அண்ணன் சிரித்துவிட்டார். அய்யர் சார் சிரிக்கவில்லை, அவர் நல்ல மனிதர். “ரேடியோ எல்லாருக்கும்தான் பாடறது கொழந்தே. ஆதாரம்னா வேறே” என்றார். பிறகு வேலப்பன் அண்ணன் தன் மாமாவிடம் நாகஸ்வரத்தில் படித்த பைரவியை வாயாலேயே ஊதிக் காட்டினார். விடை ஏற்கப்பட்டது. அவர் கணக்கில்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே கிடைத்தது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அப்பா சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். பள்ளிக்கூடம் விட்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். முதலாளி கச்சேரிப் பைத்தியம், கல்லாவுக்கு மேல் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். அறிவிப்பவர் ராகத்தின் பெயரைச் சொல்வார். பிறகு பாட்டு. வண்டிக்காரர் சத்தம், தராசுச் சங்கிலி, பேரம் எல்லாவற்றையும் காதிலிருந்து தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்பேன். ஏழு வருஷம். மூட்டை மேல் உட்கார்ந்து நான் படித்த பைரவிக்குப் பக்க எண் கிடையாது.

20 ஜூன், புதன்

கார்டு போட்டாயிற்று. பைரவி. மூன்று பெயர்.

24 ஜூன், ஞாயிறு

 நிதானமாக எழுதுகிறேன்.

ஐந்தாவது புதிர் கேள்வியாக இல்லை. வாசிப்பதைக் கேட்டு ராகம் சொல்ல வேண்டும். அய்யர் சார் வீட்டில் இப்படி ஒரு வழக்கம்: சுருதி இல்லாமல் சங்கீதம் காதில் விழக் கூடாது. நாலரைக்கு நிகழ்ச்சி என்றால் நாலு இருபத்தைந்துக்கே ஞானையன் அண்ணன் சுருதிப்பெட்டியை மடியில் வைத்து அமுக்க ஆரம்பித்துவிடுவார். பாறசாலைப் பக்கம் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர், துருத்தி அவருக்குக் கைவந்தது. எப்போதும் ஒரு கட்டை. அய்யர் சார் பாடுகிற சுருதி அது, ஆண்களுக்கு ஏற்றது.

ஜலதரங்கம் வந்தது. பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டுவார்களே, அது. தம்புரா கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. அசைவில்லாத வெறும் ஐந்து ஸ்வரங்கள், ஒரு நிமிடம்கூட இல்லை.

கூடம் முழுக்க ஒரு கட்டை ஒலித்துக்கொண்டிருந்தது.

“மோகனம்!” என்றார் அய்யர் சார். “பச்சைக் கொழந்தை சொல்லும். இதையா அஞ்சாவது வாரம் கேக்கறா?”

“மோகனம் தன்னே” என்றார் வேலப்பன் அண்ணன். ஞானையன் அண்ணன் தலையாட்டினார்.

எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்த வாசிப்பு ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்தது. கடைசித் தட்டும் அதில்தான். அய்யர் சார் அதைப் பஞ்சமம் என்றார், “பஞ்சமத்தில நிக்கறது பாத்தேளா, என்ன சொகம்” என்றார். ஆனால் அது ஏன் பஞ்சமமாக இருக்க வேண்டும்? பஞ்சமமாக ஆக்கியது எங்கள் பெட்டி. பெட்டியை மறந்துவிட்டுக் கேட்டால் அதுதான் ஸட்ஜம், ராகம் நிற்கிற முதல் ஸ்வரம். அதை ‘ஸ’ என்று வைத்தால் அதே ஐந்து கிண்ணமும் சுத்த சாவேரி.

மூன்று பேரும் பேசி ஓய்ந்த ஒரு நொடியில் சொன்னேன். “சுத்த சாவேரி மாதிரி இருக்கு சார்.”

ஏன் ‘மாதிரி’ என்றேன்? ‘மாதிரி’ ஒன்றும் இல்லை. அது சுத்த சாவேரி.

“எங்கே, பாடிக் காட்டு” என்றார் அய்யர் சார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்கத்தான் காத்திருந்தார். மூன்று முகமும் என்னைப் பார்த்தன. நான் பெட்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பெட்டி ஒரு கட்டையில் ஊதிக்கொண்டிருந்தது, நான் பிடிக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை, ஒரு காற்றுதான் வந்தது.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார் வேலப்பன் அண்ணன். எனக்கு உதவி செய்கிறாராம்.

27 ஜூன், புதன்

மத்தியானம் தபாலாபீசில் இரண்டு கார்டு எழுதினேன்.

ஒன்று: மோகனம், கரமனை நாதரசிகர் குழு, மூன்று பெயர். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம். போடுகிறவள் நான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர்கள் நம்பிக் கொடுத்தது. போட்டுவிட்டேன்.

இன்னொன்று: சுத்த சாவேரி. ஆ. உலகம்மாள், சாலை, திருவனந்தபுரம். பட்டச் சான்றிதழில் அச்சான பிறகு என் பெயரை நான் எழுதுவது ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். கார்டில் பார்க்க வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.

தபால்பெட்டியின் வாய் வரை கொண்டுபோனேன். தப்பாக இருந்தால்? ஆதாரம் எங்கே என்று எழுதிக் கேட்டால்? சரியாக இருந்தால் இன்னும் மோசம். அய்யர் சார் ரேடியோவில் என் பெயரைக் கேட்பார், குழுவுக்குத் தப்பு, எனக்குச் சரி. முதுகில் குத்தினாள் என்றுதானே தோன்றும்?

கார்டு கைப்பையில் இருக்கிறது.

28 ஜூன், வியாழன்

இனிப் போட்டாலும் சேராது. ஓமனாவிடம் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரி, கல்லூரியிலும் கூடப் படித்தவள். “எந்தாடீ நினக்கு? எழுதி வச்சிட்டு கையில வச்சிருக்கே! பிராந்தா?” என்றாள்.

பைத்தியம்தான்.

1 ஜூலை, ஞாயிறு

முதலில் போன வார விடை. “சுத்த சாவேரி.” சரியாக எழுதியவர்கள் என்று நாலைந்து பெயர் வாசித்தார்கள். கரமனை அதில் இல்லை.

அய்யர் சார் எழுந்து நின்றுவிட்டார். “என்னது? மோகனத்தைப் போட்டுட்டு சுத்த சாவேரிங்கறானே! அவா தப்பு. இதை விடப்படாது.” ஒரே கூச்சல். அந்தச் சத்தத்தில் ஆறாவது புதிர் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை. கேட்காத புதிருக்கு விடை ஏது? ஒரு நிமிஷத்தில் எட்டுக்கு ஆறாகிவிட்டோம்.

“உலகம்மா, பேப்பர் எடு. எழுது. ‘மதிப்புக்குரிய நிலைய அதிகாரிக்கு. சென்ற வாரம் தாங்கள் ஒலிபரப்பியது ஐயத்துக்கு இடமின்றி மோகன ராகமே.’”

என் கையால். நான் எழுதினேன்! ‘ஐயத்துக்கு இடமின்றி’ வரை எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை.

“பெட்டியை அஞ்சு கட்டைக்கு மாத்திப் பாருங்க” என்றேன். ஐந்து கட்டை பெண்கள் பாடுகிற சுருதி. அதன் ஸட்ஜம் ஒரு கட்டைக்குப் பஞ்சமமாக விழும் இடம்.

காற்றோடு போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பக்கத்தில்தான் ஆள் இருக்கிறாரே.

“சார்! பெட்டியை அஞ்சு கட்டைக்கு மாத்திப் பாக்கலாம் சார்!”

ஞானையன் அண்ணன் தாழை மாற்றிப்போட்டு அமுக்கினார். அய்யர் சார் போன வார ஜலதரங்கத்தில் வந்ததையே மெதுவாக வாய்க்குள் பாடினார். அதே ஸ்வரங்கள். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். 

“சுத்த சாவேரிதான்” என்றார். அப்படியே உட்கார்ந்தார். “நம்ம பெட்டி நம்மளைக் கவுத்துடுத்து. எழுபது ராகம் பேசற வாய், நம்ம சுருதியை அவன் சுருதின்னு நெனைச்சுட்டோமே.”

“நான்தானே சார் மூச்சு விடாம அமுக்கிட்டிருந்தேன்” என்றார் ஞானையன் அண்ணன். அவருக்குப் பாவம் செய்துவிட்ட மாதிரி முகம்.

“நீ என்ன பண்ணுவே? வேலப்பா, உன் புத்தி யாருக்கு வரும்! அஞ்சு கட்டைன்னு எப்படிடா தோணித்து?”

“தோணிச்சு சார்.”

பிறகு அய்யர் சாருக்கு ஏதோ நினைவு வந்தது. “போன வாரம் யாரோ சுத்த சாவேரின்னு சொன்னாளே?”

ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.

“நீயா? நீதானோ?” என்றார். “சொல்றதை உறுதியாச் சொல்லப்படாதோ? கார்டு எழுதறவளே நீதானே. இப்படி ஆயிடுத்து பாரு.”

ஆக, தோற்றதும் என்னால்.

மங்கலம் மாமி, அய்யர் சார் மனைவி, காப்பி கொடுக்கும்போது குனிந்து மெல்லக் கேட்டாள். “எனக்குக் கேட்டுதே, நீ சொன்னது. ரெண்டும். ஏன் பேசாம இருந்தே?”

“நீங்க ஏன் மாமி பேசல?”

“நான் பேசிண்டுதான் இருக்கேன். சமையல்கட்டில” என்றாள். “குழம்பு என்னைப் பதில் கேக்கறதில்லே. நீ பி.எஸ்ஸி. படிச்சவளோன்னோ?”

2 ஜூலை, திங்கள்

நான்தான் சொன்னேன். நான்தான் சொன்னேன். சுத்த சாவேரின்னு நான்தான் சொன்னேன். நாப்பதுன்னு நான் சொன்னேன், அஞ்சு கட்டைன்னு நான் சொன்னேன். என் வாய்ல இருந்து வந்தா அது காத்து, அந்த ஆள் வாய்ல இருந்து வந்தா அது புத்தியா? சத்தமாச் சொல்லலையாம். சத்தமாச் சொல்லுத பழக்கம் எங்க இருந்து வரும்? வீட்டுல ‘மெதுவா பேசு’, பள்ளிக்கூடத்துல ‘மெதுவா பேசு’, ஆபீசுல ‘பதுக்கே’. இருபத்திரண்டு வருஷம் மெதுவாப் பேசுன்னு சொல்லிட்டு இப்ப ஏன் கத்தலைன்னா என்ன நியாயம்?

கோவம் வேலப்பன் அண்ணன் மேல கூட இல்ல. எம்மேலதான். அந்தக் கார்டு எங்கைல இருந்துச்சு. பெட்டி வாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பினது யாரு? அய்யர் சாரா?

கிழித்துப் போட்டேன் கார்டை. கிழித்த பிறகும் ஆறவில்லை.

5 ஜூலை, வியாழன்

வீட்டில் சொன்னேன். இனி நான் தனியாகக் கார்டு போடப்போகிறேன், சரியாக இருந்தால் ரேடியோவில் பெயர் வரும் என்று.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “பொம்பளப்பிள்ள பேரையா? விலாசத்தோடயா வாசிப்பான்?”

“சாலைன்னு மட்டும்தான் அப்பா.”

“சாலைல உலகம்மான்னா ஒருத்திதானெட்டி இருக்கா. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?”

“ரேசன் கடையில கூப்பிட்டு வாசிக்கலியா?” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. “ஊரே கேக்க, ‘ஆறுமுகநயினார் பொண்டாட்டி மாடம்மா’ன்னு கத்துதான். எவன் என்ன நெனைச்சான்?”

அப்பா மோர் கேட்டார்.

8 ஜூலை, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

நிலையத்துக்குப் போவது இல்லையென்று ஆகிவிட்டது. இருந்தும் அய்யர் சார், “மிச்ச ரெண்டையாவது சரியா அனுப்பணும், மானம்னு ஒண்ணு இருக்கே” என்றார். பிறகு, “வேலப்பன் சொன்னாப்போல இனிமே பெட்டி வேண்டாம்” என்றார். வேலப்பன் சொன்னாப்போல. சரி.

ஏழாவது புதிர்: பெண் குரல், அரை நிமிடம் ராகம். அய்யர் சார் கண் மூடிக் கேட்டுவிட்டு “நாயகி” என்றார். எனக்குத் தர்பார் என்று பட்டது. இரண்டும் அக்காள் தங்கை போல, அதிலும் குரலில் கேட்டால் பிரிப்பது கஷ்டம். “தர்பார்” என்றேன். இந்தத் தடவை ‘மாதிரி’ சேர்க்கவில்லை. வேலப்பன் அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு அய்யர் சாரைப் பார்த்தார். எதையும் சத்தமாகச் சொல்லவில்லை. கார்டில் நாயகி எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

10 ஜூலை, செவ்வாய்

என் கார்டைப் போட்டுவிட்டேன். தர்பார். ஆ. உலகம்மாள், சாலை.

பெட்டிக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. உடனே பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். ஓமனா சிரித்தாள்.

15 ஜூலை, ஞாயிறு

“சென்ற வார விடை, நாயகி.”

கரமனை நாதரசிகர் குழு என்று வாசித்தார்கள். அய்யர் சார் தொடையில் தட்டிக்கொண்டார். என் பெயர் இல்லை. இருக்காது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. என்ன தோன்றியதோ.

“என் கார்டு தப்பு” என்றேன்.

“எது? நீதானே நாயகின்னு எழுதினே?”

“அது உங்க கார்டு சார். நான் தனியா ஒண்ணு போட்டேன். தர்பார்னு. என் பேர்ல.”

ஞானையன் அண்ணன் கண்ணைத் திறந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அய்யர் சார் கோபிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் தர்பார்னு தோணித்து?” என்றார்.

ஆதாரம் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார். இத்தனை வாரத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். காந்தாரத்தில் நின்று அசைந்தது, இறங்கும்போது அதை விடாமல் இழுத்தது, அதனால் என்று. அவர் குறுக்கே வரவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, “நின்னது காந்தாரம் இல்லே. ரிஷபம். காந்தாரத்தைத் தொட்டுட்டு ரிஷபத்துக்குத்தான் வந்தா. அங்கேதான் நீ ஏமாந்தே” என்று பாடிக் காட்டினார். இரண்டையும், மாற்றி மாற்றி. மூன்றாவது தடவை எனக்குக் கேட்டது. என் தப்பு முழுசாகக் கேட்டது. நல்ல தப்பு. எங்கே செய்தேன் என்று தெரிகிற தப்பு.

பிறகு எட்டாவது, கடைசிப் புதிர். வயலின். ஸ்ரீரஞ்சனியா ஆபோகியா என்பதுதான் கேள்வி. நிஷாதம் வந்தால் ஸ்ரீரஞ்சனி, வராவிட்டால் ஆபோகி.

“ஸ்ரீரஞ்சனி” என்றேன். “முடிக்கப் போகும்போது நிஷாதம் வந்தது. ஒரு தடவைதான்.”

வேலப்பன் அண்ணன் வாயைத் திறந்தார். இதோ, ‘சார், ஸ்ரீரஞ்சனி!’ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

“நிஷாதமா? எங்க வந்திச்சு? நான் கேக்கல்லியே” என்றார், என்னைப் பார்த்து. “உனக்குத் தோணினதாக்கும். ஆபோகி.”

“வந்தது.”

“வரல்ல.”

“வந்தது அண்ணே! வில்லைத் திருப்பும்போது!”

நான் கத்தினேனா? கத்தினேன் என்று நினைக்கிறேன். மங்கலம் மாமி நிலைப்படிக்கே வந்துவிட்டாள், கையில் கரண்டியோடு. அய்யர் சார் இரண்டு பக்கமும் தலையாட்டினார், அவருக்கும் உறுதியில்லை. ஞானையன் அண்ணன் “நிஷாதம் தூசி மாதிரி ஒண்ணு போச்சு, சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார். ஆறரை வரை அடித்துக்கொண்டோம். குழுவின் கார்டில் என்ன எழுதுவது என்று முடிவாகவில்லை. “அவா அவா பேர்ல அவா அவா போடுங்கோ, என்னை ஆளை விடுங்கோ” என்றார் அய்யர் சார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் நிற்கிறார். டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறார். மண்டி ஆட்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

“உன் பேரு வரலியே?”

“தப்பா எழுதிட்டேன் அப்பா.”

“ஓ.” தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். “அவனுவ கிட்ட, வாசிக்கவன் விட்டுட்டாம்லான்னு சொல்லிட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. தப்புன்னே சொல்லுங்க.”

“செரி. தப்புன்னே சொல்லுதேன்.”

17 ஜூலை, செவ்வாய்

இரவல் புத்தகத்தில் ஸ்ரீரஞ்சனி பார்த்தேன். பார்த்து என்ன? வயலின்காரர் அந்த நிஷாதத்தை வாசித்தாரா இல்லையா என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கும்? ஆபீஸில் ஒரு கடிதத்தை இரண்டு தடவை தட்டச்சுக்கு அனுப்பி ஏச்சு வாங்கினேன்.

வரவில்லையோ?

வந்தது.

18 ஜூலை, புதன்

மத்தியானம் தபாலாபீஸ். வரிசையில் எனக்கு முன்னால் வேலப்பன் அண்ணன். கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், தோளில் அளவுநாடா அப்படியே தொங்குகிறது. கையில் ஒரு கார்டு. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, கீழே சரிந்து போகிறது. ‘ஆபோகி. வேலப்பன், சாலை.’ பெயர் ஒன்றுதான்.

“இதுவரைக்கும் நான் ஒற்றைக்கு ஒண்ணும் அனுப்பினதில்ல, கேட்டியா” என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. “வரிசையில இருந்து ரெண்டு தடவ வெளிய போயிட்டு வந்தேன். உனக்கும் இப்பிடித்தானா?”

“இப்பிடித்தான்.”

என் கார்டை எட்டிப் பார்த்தார். ஸ்ரீரஞ்சனி என்று இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்க விடை தப்பா இருந்தா சிரிக்கப்பிடாது.”

“சிரிப்பேன்” என்றேன்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.